ஆறு தறிக்கு ஒரு வேன்

1

இந்தக் கதை ஓர் அஞ்சலட்டையிலிருந்து பிறந்தது. அந்த அட்டையை எழுதியவன் நான். எழுபத்தொன்றாம் வருஷம் கார்த்திகையில், மழை விட்ட ஒரு பிற்பகல், பிள்ளையார்பாளையத்தில் உமாபதி வீட்டுத் தறி ஓரமாக உட்கார்ந்து, முழங்கால் மேல் பலகை வைத்து எழுதினேன்:

‘ஐயா, வருகிற தை அமாவாசை காலையில், இராமேசுவரத்தில் விடுதி வாசலிலிருந்து தனுஷ்கோடிக் கரைக்குப் போய்த் திரும்பத் தங்கள் வேன் எங்களுக்கு வேண்டும். நாங்கள் மட்டும். வெளியாட்களைச் சேர்க்க வேண்டாம். மொத்தம் பன்னிரண்டு பேர்.’

அட்டையில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியன். பிழை வேறு இடத்தில் இருந்தது. அதைச் சொல்லத்தான் ஏழு வருஷமாக இந்தக் கதையைத் தொடங்கித் தொடங்கி நிறுத்துகிறேன்.

ஒருமுறை இப்படித் தொடங்கினேன்: ‘கடல் வெள்ளி ஜரிகையைப் போல...’

நிறுத்திவிட்டேன். காஞ்சிபுரத்தில் பேனா பிடித்தவர்களில் கடலை ஜரிகை என்று எழுதாதவர் யார்?

இன்னொரு முறை: ‘அந்தத் தீவில் ஒரு வேன் இருந்தது. அது கடலைத் தாண்டி வந்தது.’

இதை அடிக்க மனம் வரவில்லை. தீவுக்குச் சாலைப் பாலம் கிடையாது, ரயில் மட்டும்தான். அப்படியானால் அந்த வேன் சரக்கு ரயிலில் ஏறித்தான் வந்திருக்க வேண்டும். (விசாரித்ததில்லை. விசாரித்தால் தோணி என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.) ஓட வேண்டிய வண்டி ஓடாமல் இன்னொரு வண்டியின் மேல் அமர்ந்து வருகிறது. இரண்டு பக்கமும் நீலம். ஆளில்லாத பன்னிரண்டு இருக்கைகள் கடலைப் பார்த்துக்கொண்டே வருகின்றன. தூக்கம் பிடிக்காத நாட்களில் நான் இதைத்தான் நினைத்துக்கொள்வேன். இருக்கைகள் காலியாக இருக்கும்வரை யார்மேலும் குற்றம் இல்லை.

2

உமாபதி ஒரு சேலையின் கரையில் இருந்தார். உடல் அரக்கு, கரை பச்சை. இப்படி உடலும் கரையும் வேறு வேறு நிறமாக வந்தால் தறியில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து நெய்ய முடியாது. நெய்பவர் குறுக்கு நூல் சுற்றிய நாடாக் கட்டை ஒன்றை எறிவார். ஓரத்தில் அமர்ந்தவர் கரைக்கான நாடாவை எறிவார். உமாபதியின் மனைவி நான்கு வருஷம் முன்பு தவறிப்போனார். அதிலிருந்து அந்த ஓரத்து இடத்தில் அங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஓரிக்கையில் விவசாயக் குடும்பம். தினமும் விடிந்ததும் நடந்தே வந்துவிடுவாள்.

“எத்தனை பேர்னு எழுதட்டும்?” என்று கேட்டேன்.

“ஆறு தறி சார்.”

“அந்த ஊர்க்காரருக்குத் தறி என்ன தெரியும்? ஆளைச் சொல்லுங்க.”

“தறிக்கு ரெண்டு ஆளு. அந்தாண்ட ஒண்ணு, இந்தாண்ட ஒண்ணு. இதுல இன்னா சார் பெரிய கணக்கு?”

“வேன் வாசல்ல வந்து நின்னுக்கினு இருக்கற மாதிரி பேசிக்கினு இருக்குது பாரு,” என்றாள் அங்கம்மாள். “கையப் பாருப்பா உமாபதி. பச்சை நாடா எம்மாம் நேரமா காத்துக்கினு இருக்குது.”

நான் பன்னிரண்டு என்று எழுதி, மை உலர ஊதினேன். அப்போதுதான் உமாபதி சொன்னார்.

“சார், நீங்களும் வந்துடுங்க. உங்க அப்பாருக்கும் எள்ளு எறைச்ச மாதிரி ஆவும். எங்களுக்கும் டேசன் பேரு படிச்சுச் சொல்ல ஒரு ஆளு வோணும்.”

“இடம் இருக்குமா?”

“ஆறு தறியில ஒரு வாத்தியாருக்கா எடமில்ல?”

“சார் ஒல்லியாத்தானே கீறாரு. ரெண்டு பாவு நூலுக்கு நடுவுல கூட உக்காந்துக்குவாரு,” என்றாள் அங்கம்மாள். எல்லாரும் சிரித்தோம்.

பன்னிரண்டைப் பதின்மூன்று ஆக்கியிருக்க வேண்டும். மனதில் பட்டது, படவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அட்டை அவ்வளவு அழகாக அமைந்திருந்தது. ஊரில் என் கையெழுத்துக்கு ஒரு பெயர் உண்டு. ஓர் அடித்தல் அதைக் கெடுத்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

(தறியைக் கொண்டு ஆளை எண்ணுகிற தெருவில் ‘ஆறு தறி’ என்பதில் எவருமே விடுபடுவதில்லை. நான் எந்தத் தறியிலும் சேராதவன். எண்ணிக்கைக்கு வெளியே இருந்த ஒரே ஆள் நான்தான். இதை அடைப்புக்குறிக்குள் வைப்பது கோழைத்தனம் என்று தெரியும்.)

3

அங்கம்மாளை எழுதுவது எளிதாக இல்லை. முதல் பிரதியில் அவளை அழவைத்தேன். என் கண்முன் அவள் ஒரு தடவையும் அழுததில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். இரண்டாம் பிரதியில் அவளைத் தெய்வம் போல ஆக்கி... அதையும் கிழித்தேன். காலையில் என் சட்டைப் பொத்தான் மாறியிருந்தால் தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறவள் அவள்.

அவளுக்கு ஒரு தம்பி, தணிகாசலம். தனுஷ்கோடியில் ஒரு டீக்கடையில் வேலை பார்த்தான். அவன் போட்ட கடைசிக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டியவன் நான். ‘அக்கா, இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. தண்ணீர்தான் உப்புக் கரிக்கிறது. நம்ம பாலாத்து ஊத்துத் தண்ணி ஒரு சொம்பு கிடைத்தால் போதும்.’ அந்த மார்கழியில்தான் அறுபத்துநாலு புயல் வந்தது. தனுஷ்கோடியும் இல்லை, டீக்கடையும் இல்லை, அவனும் இல்லை.

எழுபத்திரண்டு தையில் ஆறு தறியும் ஏற்றிய பாவு நூலை நெய்து முடித்து, சேலைகளை அறுத்தெடுத்துவிட்டுக் கிளம்பினோம். அங்கம்மாள் மடியில் ஒரு பித்தளைச் சொம்பு. ஓரிக்கை மணலில் ஊற்று தோண்டி எடுத்த பாலாற்றுத் தண்ணீர். வாயைப் பட்டுத் துண்டால் மூடி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

“இன்னாத்துக்கு அக்கா இது? அங்க ஒரு கடலே இருக்குது,” என்றாள் நீலாம்பாள். அடுத்த தறிக் குமாரசாமியின் மனைவி அவள்.

“அதாம்மா பயம். அந்தக் கடல் பூரா உப்பு. கொழந்தை ஏழு வருஷமா தாகமா இருக்குமே.”

வாலாஜாபாத்தில் பொழுது சாய்ந்தது. செங்கல்பட்டில் இராமேசுவரம் வண்டி ஏறினோம். மறுநாள் பாம்பன் பாலத்தில் ரயில் நடை தளர்ந்து ஊர்ந்தது. கீழே பார்த்தால் தண்டவாளம் தெரியவில்லை, தண்ணீர்தான். எல்லாரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கம்மாள் மட்டும் சொம்பை ஜன்னல் பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள், உள்ளே இருப்பவருக்கு வழி காட்டுவதுபோல.

4

தை அமாவாசைக் காலை. விடுதி வாசலில் வேன் நின்றது. நான் வாத்தியார் என்பதால் என்னை முதலில் ஏற்றினார்கள். கதவோரம் ஜன்னல் இருக்கை. மற்றவர்கள் ஏற ஏற, டிரைவர் முனியசாமி விரலால் எண்ணிக்கொண்டே வந்தார். படியில் கால் வைக்க அங்கம்மாள் மட்டும் பாக்கி.

“இதோட பதிமூணு ஆகுதே. காயிதத்துல பன்னெண்டுன்னுதானே இருக்கு.”

“ஒரு ஆளுதானேப்பா, நெருக்கி உக்காந்துக்கறோம்,” என்றார் உமாபதி.

“அய்யா, ரோடா இருந்தா இருவது பேரைக் கூட ஏத்துவேன். அங்கிட்டு ரோடே இல்ல, வெறும் மணலு. போன மாசம் ஒரு ஆளு கூடுதலா ஏறிச் சக்கரம் பொதைஞ்சு, தண்ணி ஏறி வந்து, பிள்ளைகள எல்லாம் தூக்கிக்கிட்டு ஓடினோம். ஏசினாலும் சரி, என்னால முடியாது.”

“அப்ப ரெண்டு நடை அடிப்பா.”

“மத்தியானம் வேற ஆளுக வண்டியப் பேசியிருக்காக. இன்னைக்கு இந்த ஊருல ஒரு மாட்டு வண்டி கிடைக்காதுங்க.”

(முனியசாமியை ஒரு பிரதியில் கடுமையானவராக எழுதினேன். அநியாயம். மணல் சொன்னதை அவர் எடுத்துச் சொன்னார், அவ்வளவுதான். அங்கம்மாள் நிற்க நிழல் வேண்டுமென்று வேனைச் சற்றுப் பின்னால் தள்ளி நிறுத்தியவரும் அவரே.)

உமாபதி எழுந்தார். “அக்கா, நான் எறங்கிக்கறேன். நீ ஏறு.”

“நல்லா இருக்குதே. உன் பொண்டாட்டிக்கு நானா எள்ளு எறைக்கறது? உக்காருப்பா.”

நான் விரல்களை மடக்கினேன். குமாரசாமி, நீலாம்பாள் ஒரு தறி. அதற்கடுத்த தறி, அதற்கடுத்தது... ஒவ்வொரு தறிக்கும் இரண்டு பேர் சரியாக இருந்தார்கள். உமாபதியின் தறியில் உமாபதி, அங்கம்மாள். நான் உட்கார்ந்திருந்தது அங்கம்மாளின் இடம்.

இது வேனில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. வாத்தியாரை இறங்கச் சொல்லும் வழக்கம் அந்தத் தெருவில் இல்லை.

நான் எழுந்து...

5

மேலே அந்த வாக்கியத்தை அப்படியே விட்டிருக்கிறேன். அதை முடிக்கப் பல வழிகள் முயன்றேன்.

‘நான் எழுந்து, “அம்மா, இது உங்கள் இடம்” என்றேன்.’ நன்றாக இருக்கிறது. என் மாணவர்களுக்கு இப்படித்தான் சொல்லித்தருகிறேன்.

‘நான் எழுந்து இறங்குவதற்குள் டிரைவர் மனம் மாறிவிட்டார்.’ இதில் என் இறங்குதலும் மிச்சம், இருக்கையும் மிச்சம். இறைவன் இவ்வளவு மலிவாக நடந்துகொள்ள மாட்டான்.

‘நான் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.’

இதுதான் நடந்தது.

அங்கம்மாள் சிரித்தபடி சொன்னாள், “எனக்கு மூட்டு வலிப்பா. நான் அம்பாள் சந்நிதியில உக்காந்துக்கினு இருக்கறேன். போயிட்டு வாங்க.” பிறகு என் ஜன்னலுக்கு வந்து சொம்பை உள்ளே நீட்டினாள். “சார், நீங்க ஊத்திடுங்க. பேரைச் சொல்லி ஊத்துங்க. தணிகாசலம்னு. மெதுவா ஊத்துங்க, அவனுக்குப் பொறை ஏறும்.”

ஏன் என்னிடம்? உமாபதியிடம் தந்திருக்கலாம், நீலாம்பாளிடம் தந்திருக்கலாம். ஏழு வருஷமாக இதற்கு விடை தேடுகிறேன். அவன் கடிதத்தைப் படித்துக் காட்டியவன் என்பதால் இருக்கலாம். இல்லாவிட்டால், தன் இடத்தில் அமர்ந்தவனைத் தன்னைப்போலவே நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

6

மணலில் வேன் படகுபோல அசைந்தது. கடல் எந்தப் பக்கம் என்று புரியாமல் எங்கும் வெளிச்சமாக இருந்தது. கூரையில்லாத சுவர்கள் தூரத்தில் மிதந்தன. ஒரு பெரிய குலுக்கலில் பட்டுத் துண்டு அவிழ்ந்து, பாதித் தண்ணீர் என் மடியில் கொட்டிவிட்டது. குளிர்ந்திருந்தது. இத்தனை தூரம் வந்தும் அது சூடேறவில்லை.

மிச்சத்தைக் கரையோரம் முழங்கால் அளவு அலையில் நின்று மெதுவாக ஊற்றினேன். பேரைச் சொன்னேன். ஒரு நொடி, அந்த இடத்தில் மட்டும், கடல் பாலாற்று நிறத்தில் இருந்ததுபோல எனக்குத் தோன்றியது. எள்ளும் இறைத்தேன், என் அப்பாவுக்கு. அவர் முகம் எனக்கு நினைவு வரவில்லை.

திரும்பி வந்தபோது அங்கம்மாள் விடுதி வாசலில் நின்றிருந்தாள்.

“முழுசா ஊத்தினீங்களா சார்?”

“முழுசா ஊத்தினேன்.”

அவள் எங்கள் நனைந்த துணிகளையெல்லாம் வாங்கிக் கொடியில் போட்டாள். மாலையில் என் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தவள், மடிப் பக்கத்தை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள்.

“கடல் தண்ணி பட்டுக் காஞ்சா துணி வெறைச்சுப் போவும் சார். இந்தக் கீழ்ப்பக்கம் பாருங்க, அப்பளமாட்டம் இருக்குது. மடி மட்டும் மெத்துனு கீது.”

நூலோடு வாழ்கிறவளின் விரல்களிடம் என் பொய் செல்லுபடியாகவில்லை.

“அவனும் இப்பிடித்தான்,” என்றாள் அங்கம்மாள். “சொம்பக் குடுத்தா பாதியக் கொட்டிக்கினுதான் வருவான். பரவால்ல சார்.” வேட்டியைச் சேலையை மடிப்பதுபோல் நீவி மடித்து என் கையில் கொடுத்தாள்.

மன்னிப்பு என்பதை அதுவரை நான் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். அன்று அது என் கையில் இருந்தது. துணி எடைதான்.

7

சொம்பைப் பற்றி அவளுக்குத் தெரியும். இருக்கையைப் பற்றி நான் சொன்னதே இல்லை. இந்தக் கதை அச்சில் வந்தால் என் மாணவர்களில் ஒருவன் தறி ஓரமாக உட்கார்ந்து அவளுக்குப் படித்துக் காட்டுவான். பச்சை நாடா ஒரு கணம் நிற்கும். அதற்காகத்தான் எழுதுகிறேன். அதற்குப் பயந்துதான் இத்தனை நாள் எழுதாமலும் இருந்தேன்.

ஆனால் கதை என்பது நடந்ததோடு நின்றுபோக வேண்டியதில்லை என்று நம்புகிறேன். அதனால் வேனை மறுபடி விடுதி வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். தை அமாவாசைக் காலை. முனியசாமி என்ஜினை ஓடவிட்டிருக்கிறார். ஆறு தறியில் பதினொரு பேர் உள்ளே இருக்கிறார்கள். பன்னிரண்டாவது ஆள் சொம்போடு வெயிலில் நிற்கிறாள்.

கதவோரத்து இருக்கையில் நான் இல்லை. இவ்வளவு நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தது நீங்கள்தான். உங்களை இறங்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள்.

கதவின் கைப்பிடி உங்கள் இடது கைப்பக்கம். உப்புக் காற்றில் இறுகியிருக்கும். கொஞ்சம் அழுத்தித் திருப்ப வேண்டும்.