ஏழாம் எண் அச்சு

"செருப்பை வெளியவே உடுங்க. பையையுந்தான்," என்றார் அருணகிரி.

இனியன் செருப்பை விட்டான். பையை விடவில்லை. அதில் வெண்ணிலாவின் கையெழுத்துப் பிரதி இருந்தது. வெண்ணிலா அவன் மனைவி; இறந்து ஐந்து மாதம். பிரதி அச்சகத்துக்குப் போக இன்னும் நான்கு நாள்.

அருணகிரிக்கு மோகனூர் சாலையில் வீடு, நாலு ரிக் வண்டி. போர்க்கிணறு போட்டுச் சம்பாதித்ததில் பழங்காசு வாங்குவார். ரோமப் பேரரசின் கிழக்கு மாகாணத்தில் ஒரு சிற்றூர் தன் பெயரில் அடித்துக்கொண்ட செப்புக்காசு ஒன்று அவரிடம் இருந்தது. அந்த ஊர்க் காசுகளோடுதான் வெண்ணிலா ஆறு வருடம் மல்லுக்கட்டினாள். அச்சைக் கையால் வெட்டிய காலம் அது. ஓர் அச்சில் மன்னன் சூடிய மாலையின் இலை காதைத் தொடும், இன்னொன்றில் தொடாது. எந்தக் காசு எந்த அச்சில் பிறந்தது என்று ஒப்பிட்டு ஒப்பிட்டு, பதினொரு அச்சுகளை வரிசைப்படுத்தியிருந்தாள். பத்து ஏற்கெனவே மற்றவர்கள் சொன்னவை. ஏழாவது மட்டும் அவள் கண்டது. அதில் அடித்த காசு உலகத்தில் அருணகிரியிடம் உள்ள ஒன்றுதான்.

அருணகிரி வாட்ஸப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவள் எழுதியது. காசை அவள் கையில் வாங்கிப் பார்க்கவேயில்லை.

"எடை போடணுங்கண்ணா. ஒரு படமும் எடுத்துக்கறேன்."

"அந்தப் புள்ள கேக்காத எடையை நீங்க வந்து கேக்கறீங்களாக்கும்? சேலத்துல எவனாச்சும் ஓதி உட்டானா, என்ற காசு டூப்ளிகேட்டுன்னு?"

"யாரும் ஒண்ணும் சொல்லலைங்க."

"சொன்னாலும் ஒரு மசுரும் புடுங்க முடியாது. பழங்காசுக் கண்காட்சிக்குப் பேனரே அடிச்சாச்சு. உலகத்துல ஒண்ணே ஒண்ணு!"

அவர் மனைவி கந்தம்மாள் பூசை அறையிலிருந்து ஒரு பித்தளைத் தட்டில் காசை எடுத்துவந்து வைத்தாள். இனியன் லென்சை வைத்தான். மாலை, காது, மூக்கு, எல்லாம் மூன்றாம் அச்சைப் போலவே இருந்தன. வெண்ணிலாவும் அப்படித்தான் எழுதியிருந்தாள்: மூன்றைப் போலவே, முகவாய்க்குக் கீழே பிறை மட்டும் புதிது.

பிறை இருந்தது. கறுத்து, காசின் நிறத்திலேயே இருந்தது. ஆனால் அதன் ஓரம் காய்ந்த சேறு போல வெடித்திருந்தது.

"இதைப் பூசையில வெக்கறீங்களாக்கா?"

"ராசா மொகமில்லீங்களா! வெள்ளிக்கெழமையானா சந்தனம் வெச்சு சூடம் காட்டுவனுங்க. நெத்தியில வெச்சா கிரீடம் மறையுதுன்னு தாடைக்குக் கீழ வெச்சேன்."

"நீ உள்ள போடி," என்றார் அருணகிரி.

அவள் போனாள். அவர் இனியனின் மணிக்கட்டைப் பிடித்தார். "காசுல கை வெச்சீங்க, நடக்கறதே வேற."

"வெக்கலைங்கண்ணா. காசு அசல்தான். மூணாம் அச்சு. அதுல இருபது காசு இருக்குது."

"கழுவாமயே கண்டுபுடிச்சுட்டீங்களோ?"

"செம்பு இப்படி வெடிக்காதுங்க. காஞ்ச சந்தனம், சூடப் பொகையில கறுத்துருக்குது."

அருணகிரி பிடியை விட்டார். குரலை இறக்கினார். "இங்க பாருங்க தம்பி. நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். பேசாம இருந்தா என்ற காசும் நிக்கும், உங்க சம்சாரம் பேரும் நிக்கும். அந்தப் புள்ளைக்குன்னு மிச்சமிருக்கறது அது ஒண்ணுதான். அதையும் அழிக்கத்தான் பஸ் ஏறி வந்தீங்களா? நல்ல புருசனய்யா நீ!"

அவர் சொன்னதில் பொய் இல்லை. இனியனுக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஐந்து மாதமாக இரண்டும் வருவதில்லை. காசைப் பார்க்காமல் படத்தை நம்பி அச்சுக்கு எண் கொடுக்கிறவர்களை வெண்ணிலா எப்படிக் காய்ச்சுவாள் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. பிரதியை எடுத்து, ஏழாம் எண் பக்கத்தை விரித்து, மேலிருந்து கீழ்வரை பேனாவால் ஒரு கோடு இழுத்தான். அவள் எழுத்து கோட்டுக்கு அடியில் நன்றாகவே தெரிந்தது.

"என்ற காசு படம் அந்தப் பொஸ்தகத்துல வந்துச்சு, வக்கீல் நோட்டீஸ்தான்," என்று கத்தினார் அருணகிரி. "இனி இந்த வாசப்படி மிதிச்சராதே. சோத்துக்கில்லாத நாய்க்கு ஆராய்ச்சி ஒரு கேடு!"

சேலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அவன் பிரதியை மடியில் விரித்து, அவள் போட்ட எண்களுக்குப் பக்கத்தில் தன் கையால் மாற்றிக்கொண்டே வந்தான். எட்டு ஏழானது. ஒன்பது எட்டானது. பஸ் குலுங்கும்போது நிறுத்தி, நின்ற பிறகு எழுதினான். ராசிபுரம் தாண்டுகையில் பதினொன்று பத்தாகியிருந்தது.