மாமியார் தட்டிய கை

முதலாளி எல்லோருடைய மவுஸையும் பிடுங்கித் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். "உலகமே கையை ஆட்டி வேலை வாங்குது, நாம மட்டும் ஒயரைப் பிடிச்சிட்டுத் தொங்கறதா?"

சுவரில் ஒரு பெரிய திரை, அதன் உச்சந்தலையில் ஒரு கேமரா. கையை முஷ்டியாக மூடி இழுத்தால் வீட்டு பிளானில் உள்ள சுவர் கூடவே வரும், விரித்தால் நின்றுவிடும். புறங்கையால் தள்ளினால் அறையே அழியும். கை தட்டினால் பிளான் முடிவாகிப் பூட்டிக்கொண்டு அச்சாகி வரும். அலுவலகத்தில் எல்லோருக்கும் தோள்பட்டை வலி. நவீனம் என்றால் சும்மாவா?

ஒல்லியாக, நிமிர்ந்து நடப்பதால் 'ஸ்கேல்' என்று பெயர் வாங்கியவள்தான் அங்கே வீட்டு பிளான் வரைபவள். காலையிலேயே அவளுக்கு முதலாளியின் அர்ச்சனை நடந்திருந்தது.

"இந்தக் குடும்பம் மாசக்கணக்கா இழுத்தடிக்குது. இன்னைக்குக் கையெழுத்து வாங்கல, நாளைக்கு உனக்கு இங்க நாற்காலி இல்ல."

குடும்பம் வந்தது. கணவர், மனைவி, கணவரின் அம்மா. ஏசி குளிரில் மாமியார் கைப்பையை அணைத்தபடி மூலையில் ஒடுங்கிக்கொண்டார். எந்தக் கையசைவுக்கு என்ன நடக்கும் என்று ஸ்கேல் பொறுமையாகச் சொல்லிக் காட்டினாள். கணவரும் மனைவியும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கிச்சன் இன்னும் பெருசா வேணும்," என்று மனைவி திரையை நோக்கிக் கையை மூடி இழுத்தாள். சுவர் சமர்த்தாக நகர்ந்தது.

"அது என் ஆபீஸ் ரூம்டீ! அதெல்லாம் முடியாது!" கணவர் புறங்கையை வீசினார். அவருடைய ஆபீஸ் ரூம் அழிந்தே போனது.

"சார், தயவுசெஞ்சு கையைக் கட்டிக்கிட்டுப் பேசுங்க," என்று கெஞ்சினாள் ஸ்கேல். கையைக் கட்டிக்கொண்டு சண்டை போட்ட தம்பதி எந்த ஊரில் இருக்கிறார்கள்?

"உங்கம்மாவுக்கு மாடிப்படிக்குக் கீழ இடம் போதாதா?"

"எங்கம்மாவை இழுக்காதே!" முஷ்டியை மடக்கிக் கையைச் சுழற்றினார் மகன். இழுபட்டது மாடிப்படிக்குக் கீழே இருந்த அம்மாவின் அறைதான். காலியான ஆபீஸ் ரூமை விழுங்கி, பாதி கிச்சனையும் மென்று, தோட்டத்து ஜன்னல்வரை போய் நின்றது.

பட்!

மாமியார் கை தட்டியிருந்தார். அச்சு இயந்திரம் உறும ஆரம்பித்தது.

"கொசு," என்றார் அவர்.

"ஐயோ, அழிங்க!" மருமகள் அலறினாள்.

"பூட்டிடுச்சும்மா. திறக்கணும்னா மவுஸ் வேணும்." ஸ்கேல், சத்தம் கேட்டு ஓடிவந்த முதலாளியைப் பார்த்தாள். முதலாளி பாக்கெட்டிலிருந்த டிராயர் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"மவுஸா? அந்தக் குப்பையெல்லாம் இங்க இல்லம்மா. இந்த மெஷின் தப்பே பண்ணாது."

"கையெழுத்து யாரு போடணும்?" மாமியார் எழுந்து வந்தார்.

"நிலம் யாரு பேர்ல இருக்கோ அவங்கதாம்மா."

"அப்ப நான்தான்."

ஸ்கேல் பேனாவை நீட்டினாள். அதை வாங்க நீண்டு வந்த மாமியாரின் உள்ளங்கை துடைத்துவிட்டது போல் சுத்தமாக இருந்தது. அந்தக் குளிரில் கொசு ஏது?

"நீ நல்லா சொல்லிக்குடுத்தேம்மா," என்று முணுமுணுத்தபடி கையெழுத்துப் போட்டார் மாமியார்.

"பாத்தியா, மாசக்கணக்கா முடியாதது ஒரு நிமிஷத்துல!" முதலாளி பூரித்தார். "மெஷின்னா இது மெஷின்! என்ன சொல்றே?"

ஸ்கேல் தன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கேமரா பார்க்காதபடி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினாள்.