நீலப்பெட்டி ஃபிலிமைப் பற்றி ஷவ்கியின் கருத்து

அலெக்ஸாந்திரியாவில் கல்யாணப் படம் பிடிப்பவர்கள் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் மன்ஷியா சதுக்கத்துக்குப் பின்னாலுள்ள காப்பிக் கடையில் கூடுவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் நீலப்பெட்டி ஃபிலிமில் வந்து நிற்கும். மற்ற கலர் ஃபிலிம்களின் விலையில் பாதிக்குக் கிடைத்த சுருள் அது. பாதி விலைக்குக் கிடைக்கும் எந்தப் பொருளைப் பற்றியும் மனிதர்களுக்கு முழுக் கருத்து இருக்கும்.

கடற்கரை வெயிலில் அதற்கு ஈடு இணை கிடையாது என்பார் பருத்த உடம்புக்காரரான வஜ்தி. மண்டபத்துக்குள் குழல்விளக்கு வெளிச்சத்தில் அதே ஃபிலிம் மணப்பெண்ணைப் பச்சை மாங்காயாக்கிவிடும் என்றும் அவரே சொல்வார். பெட்டியில் ஃபிலிமின் வேகம் இருநூறு என்று போட்டிருப்பதை நம்பாதே, நூறு என்று வைத்துக்கொண்டு வெளிச்சத்தைத் தாராளமாகக் கொடு, முகம் பொன்னாக வரும் என்பது ஸப்ரியின் கட்சி. ஸப்ரி நாற்பதைத் தொடாதவன். இப்ராஹிமிய்யா பக்கம் சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தான். நீலப்பெட்டியைத் தவிர வேறு வாங்க அவனுக்கு வசதியில்லை.

எல்லோரும் பேசி ஓய்ந்தபின் ஷவ்கி தொண்டையைச் செருமுவார். முப்பது வருட அனுபவம், மூன்று காமிரா, ரம்ல் ஸ்டேஷன் அருகே கண்ணாடி வைத்த கடை. அவர் வாயைத் திறந்தால் டோமினோ ஆடுகிறவர்கள்கூடக் கையை நிறுத்துவார்கள். அந்தச் சுருளில் மாமியாரைக்கூடப் படம் எடுக்காதீர்கள் என்பார். மாமியாருக்கு அதனால் ஒன்றும் ஆகாது, எடுத்தவன் பெயர்தான் கெடும். மற்றவர்களிடம் இருந்தது கருத்து; அவரிடம் இருந்தது சாட்சியம். தன் வெள்ளிவிழா நாளன்று மனைவி இனாயத்தை மொந்தாஸா தோட்டத்துக்கு அழைத்துப்போய் நீலப்பெட்டியில் முப்பத்தாறு படம் எடுத்ததையும், கழுவியபோது முப்பத்தாறும் வெறுமையாக இருந்ததையும் அவர் ஆறு வருடங்களில் அறுபது தடவையாவது சொல்லியிருப்பார். அதைக் கேட்டு நீலப்பெட்டியைக் கைவிட்டவர்கள் உண்டு. ஸப்ரி அந்த ஃபிலிமைத்தான் போடுகிறான் என்று கேள்விப்பட்டு அவனைக் கூப்பிடுவதை நிறுத்திய மண்டபங்களும் இரண்டு உண்டு.

உண்மையில் நடந்தது வேறு. ஃபிலிமின் நுனியை எதிர்ப்பக்க உருளையின் பிளவில் செருகி, மூடியைச் சாத்தி, நெம்புகோலை இழுக்கும்போது இடதுபக்கக் குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். தொழிலில் சேர்ந்த முதல் நாள் சொல்லித்தருகிற பாடம் இது. அன்று ஷவ்கி குமிழைப் பார்க்கவில்லை. மலிவு ஃபிலிமின் குணங்களைப் பற்றி இனாயத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நுனி பிளவிலிருந்து நழுவிவிட்டது. சுருள் தன் கூட்டுக்குள் நிம்மதியாக உறங்க, அவர் பனைமரத்தடியில் ஒன்று, பாலத்தின்மேல் ஒன்று என்று காற்றைப் படம் பிடித்துக்கொண்டே போனார். எண்காட்டி முப்பத்தொன்பதைத் தொட்டபோது, மலிவாக விற்றாலும் கம்பெனிக்காரன் தாராளமானவன், மூன்று படம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறான் என்று மெச்சவும் செய்தார். திருப்பிச் சுற்றும்போது குமிழ் வெண்ணெயாகச் சுழன்றது. மெல்லிய ஃபிலிம், அதனால்தான் என்று அதற்கும் ஒரு கருத்து வைத்திருந்தார்.

கழுவி வந்த ஆரஞ்சு நிறப் பட்டையைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. ஓரத்தில் கம்பெனியிலேயே பதித்துவிடும் ஒன்று முதல் முப்பத்தாறு வரையிலான எண்கள் பளிச்சென்று இருந்தன. எண் தெரிந்தால் ஃபிலிமும் நல்லது, கழுவியதும் நல்லது. அதன்மேல் வெளிச்சம் படவில்லை, அவ்வளவுதான். ஷவ்கி பட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, குப்பைக்கூடையில் தேயிலைச் சக்கைக்கு அடியில் புதைத்தார். வீட்டுக்கு வந்து ஃபிலிம் மோசம் என்றார்.

"முப்பத்தொம்பது தடவ சிரிச்சிருக்கேன், கன்னம் இன்னும் வலிக்குது," என்றாள் இனாயத். "அந்தக் கம்பெனிக்காரன்தான் இதுக்குப் பதில் சொல்லணும்."

நல்ல ஃபிலிமில் இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். நல்ல ஃபிலிம் வாடிக்கையாளருக்கு என்பது கடையின் சட்டம். அந்த இன்னொரு நாள் வரவேயில்லை. இந்தக் குளிர்காலத்தில், ஒன்பது நாள் காய்ச்சலில், இனாயத் போய்விட்டாள்.

நாற்பதாம் நாளுக்கு மகள் நாதிரா அஸ்வானிலிருந்து வருவதாக இருந்தது. தொலைபேசியில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. வருகிறவர்கள் உட்காரும் அறையில் வைக்க அம்மாவின் படம் வேண்டும், அம்மா அம்மா மாதிரி இருக்கிற படம். படக்காரர் வீட்டில் இதற்கா பஞ்சம் என்று ஷவ்கி மூன்று நாள் கடையை மூடிவிட்டுத் தேடினார். நெகடிவ்கள் நாற்பதாயிரம் இருந்தன. ஊரில் பாதிப் பேரின் மூக்கு அவற்றில் இருந்தது. மணப்பெண்ணின் அங்கியைச் சரிசெய்யும் இனாயத்தின் விரல்கள் கிடைத்தன. விளக்குக் குடையைப் பிடித்திருந்த முழங்கை கிடைத்தது. ஒரு குழந்தையைச் சிரிக்கவைக்கக் குனிந்திருந்த முதுகு கிடைத்தது. அந்தக் குழந்தையோ அழுதுகொண்டிருந்தது. முகம் என்று பார்த்தால் இருபது வயதில் எடுத்த அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதில் அவள் யாரோ ஒரு பள்ளிக்கூடப் பெண். நாதிராவுக்கு அவளைத் தெரியாது. நல்ல ஃபிலிமை மிச்சம்பிடித்த கெட்டிக்காரர், மிச்சம்பிடித்ததெல்லாம் எங்கே என்று அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தார்.

நான்காம் நாள் காலையில் ஸப்ரி வந்தான். அவனாக ஆறுதல் சொல்ல வந்தவனிடம், வேறு யாரிடமும் சொல்லாததை ஷவ்கி சொல்லிவிட்டார். வீட்டில் அவள் படம் இல்லை.

ஸப்ரி கொஞ்ச நேரம் தன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டு வருடங்களுக்கு முன், போகாமலே நின்றுபோன உம்ரா யாத்திரைக்காகப் பாஸ்போர்ட் படம் எடுக்க இனாயத் அக்கா தன் கடைக்கு வந்ததாகச் சொன்னான்.

ஷவ்கிக்குத் துக்கத்தையும் தாண்டிக்கொண்டு கோபம் வந்தது. ரம்ல் ஸ்டேஷனில் கண்ணாடி வைத்த கடைக்காரன் பெண்டாட்டி இப்ராஹிமிய்யாவில் போய்ப் படம் எடுத்தாளா?

"உங்க கடையில எப்பவும் கூட்டம், என் முறை வரும்போது எனக்கு வயசாயிடும்னு சொன்னாங்க உஸ்தாத்," என்றான் ஸப்ரி. "பாஸ்போர்ட் படம் முடிஞ்சதும், முக்காட்ட கொஞ்சம் தளர்த்திக்கிட்டு, இப்ப எனக்காக ஒண்ணு எடுன்னாங்க. எடுத்தேன். பெரிசா போட்டு வாங்கிக்கிறேன்னாங்க, அப்புறம் வரவேயில்ல. நெகடிவ் எங்கிட்ட இருக்கு." தொப்பியை முழங்காலில் வைத்தான். "நீலப்பெட்டிலதான் எடுத்தேன். எங்கிட்ட வேற இல்ல."

"அதுல ஒண்ணும் வராதுன்னு உங்கக்காகிட்ட நான் சொல்லியிருக்கேனே."

"சொல்லியிருக்கீங்கதான்." ஸப்ரி அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "அந்த வெள்ளிவிழாச் சுருள்ல நம்பர் எல்லாம் தெளிவா இருந்துச்சு தம்பி, குப்பையக் கொட்டும்போது பாத்தேன்னு அக்கா சொன்னாங்க. உங்க கடையில முப்பது வருஷமா நெகடிவ் வெட்டினவங்க, அவங்களுக்குத் தெரியாதா? நீ அவர்கிட்ட கேட்டுடாத, மனுஷன் கூசிப்போவாருன்னு என்கிட்ட வாக்கு வாங்கிட்டாங்க."

இரண்டு மண்டபங்கள் கைவிட்டுப் போனபோதும் இவன் வாயைத் திறக்கவில்லை. காப்பிக் கடையில் அறுபது தடவையில் இருபது தடவையாவது எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்டிருக்கிறான். இதையெல்லாம் ஷவ்கி கூட்டிப் பார்த்தார். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. முதன்முறையாக அவரிடம் ஒரு கருத்தும் இல்லை.

ஸப்ரி சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தான். அதைக் கையோடு கொண்டுதான் வந்திருந்தான். ஷவ்கி பட்டையை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். நெகடிவில் முகம் படிப்பது அவருக்குப் பத்திரிகை படிப்பது மாதிரி. கறுத்த கன்னம், வெளுத்த முடி, எல்லாம் தலைகீழ். ஆனால் ஒரு பக்கமாக ஏறிய அந்த உதடு இனாயத்துடையது. யாரோ அளப்பதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அப்படித்தான் அது ஏறும். பட்டையை அவர் வெகுநேரம் கீழே இறக்கவில்லை. ஸப்ரி மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரிதாகப் போட்ட படத்தை அட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு காப்பிக் கடைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை நாற்பதாம் நாள். படம் சுவருக்குப் போவதற்குமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நின்றுகொண்டே சொன்னார். பிளவிலிருந்து நழுவிய நுனி, பார்க்காத குமிழ், முப்பத்தொன்பதாம் எண், தேயிலைச் சக்கை, எதையும் விடவில்லை. ஸப்ரியின் பிழைப்பைக் கெடுத்ததையும் எல்லோர் முன்னாலும் சொன்னார். நாளை அந்த இரண்டு மண்டபங்களுக்கும் தானே போய்ப் பேசுவதாகச் சொன்னார். குமிழ் சுற்றாததைக் கவனிக்கவில்லை என்ற இடத்தில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் ஒரு கல்யாணம் அப்படிப் போயிருக்க வேண்டும்.

வஜ்திக்குத்தான் பொறுக்கவில்லை.

"அது இருக்கட்டும் ஷவ்கி. இப்ப நேர்மையாச் சொல்லு, நீலப்பெட்டியப் பத்தி உன் கருத்து என்ன?"

"அதுல நான் இன்னிக்கு வரைக்கும் ஒரு படம்கூட எடுத்ததில்ல வஜ்தி."

ஷவ்கிதான் முதலில் சிரித்தார். பிறகு படத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார். எல்லோரும் காப்பிக் கோப்பைகளைத் தள்ளிவைத்துவிட்டுக் குனிந்தார்கள். இனாயத் மேல் அருள் உண்டாகட்டும் என்று முணுமுணுத்தார்கள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, வஜ்தி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கன்னம் கொஞ்சம் சிவப்பாக அடிக்கிறதே என்றார். அது ஃபிலிமின் சிவப்பில்லை, அக்கா மாடிப்படி ஏறி வந்த சிவப்பு என்றான் ஸப்ரி. மூன்றாவது ஒருவர், சிவப்பு இருக்கட்டும், நிழலில் தாடையோரம் எவ்வளவு மென்மை பார் என்றார். வஜ்தி ஒத்துக்கொள்ளவில்லை. அவள் தாடை எப்போதும் அப்படித்தான், ஃபிலிமுக்கு அதில் என்ன பெருமை என்று கேட்டார். இனாயத்தின் முகத்தைப் பற்றி இத்தனை பேர் இத்தனை நேரம் பேசி ஷவ்கி கேட்டதில்லை.

அவர் அமைதியாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லோருக்கும் இன்னொரு சுற்றுக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.