மணியம்மாள் நிமிர்த்திய சைக்கிள்

முன்சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மீதிச் சைக்கிளைப் புளியமரத்தடிக்கு இழுத்தாள் மணியம்மாள். முழங்கால் சிராய்ப்பில் புடவை பட்டுப் பட்டு எரிந்தது. அது கிடக்கட்டும், சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கல்லவா பாறையில் மோதிப் பின்னால் மடங்கிவிட்டது! தேன் வாங்க மலையேறிய புருஷன் கோவிந்தன் எந்நேரமும் இறங்கி வரலாம். அவனுக்குத் தெரியாமல் அவன் வண்டியில் நாலு நாள் குரங்குப் பெடல் போட்டு, இன்றைக்குத்தான் ஓடைவரை போயிருந்தாள். தெரிந்தால் பூட்டுப் போட்டுவிடுவான். ஒருதரமாவது ஓடையைத் தாண்டாமல் இனி அவளுக்குச் சோறு இறங்காது.

பிறந்த வீட்டில் ஏணி கட்டுகிறவர்கள். கோணல் மூங்கிலை மரக்கவையில் செருகி அழுத்தி, ஒற்றைக் கண்ணை மூடி நேர் பார்ப்பார்கள். ஃபோர்க்கையும் அப்படியே செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினாள். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை மூங்கில் கணக்காய் நேர். சக்கரத்தை மாட்டினாள், சுற்றியது. சந்தோஷத்தில் வண்டி முழுக்கத் துடைத்தும் வைத்தாள்.

இறங்கி வந்த கோவிந்தன் தேன் டின்களைக் கேரியரில் கட்டினான். "இன்னாடி, வண்டி மின்னுது?"

"தூசியா இருந்துச்சி."

செங்கம் சந்தைக்குத் துணையாகப் போகிற தோல் வியாபாரி சத்தார் வந்து, தன் சைக்கிளைப் பக்கத்தில் நிறுத்தினார். மணியம்மாள் இரண்டு வண்டிகளையும் மாறிமாறிப் பார்த்தாள். அவர் வண்டியின் ஃபோர்க்கு கீழே வரவர முன்னால் வளைந்திருந்தது. பிறவியிலேயே வளைவு! அவள் மெல்ல ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் தள்ளி வந்திருந்த சக்கரம் பெடலில் இடித்தது. நேர்ப்பாதையில் தெரியாது. செங்கம் இறக்கத்திலோ அடிக்கொரு திருப்பம், ஒருபக்கம் பள்ளம்.

"போலாமா பாய்?" என்று கோவிந்தன் ஏறி மிதித்தான்.

சொன்னால் சைக்கிள் போச்சு. சொல்லாவிட்டால்? அவன் முதல் திருப்பத்தை நெருங்கியதும் அவள் கால் தானாக ஓடியது.

"நில்லுங்க! அதுல போவாதீங்க!"

கோவிந்தன் காலை ஊன்றி நின்றான். "இன்னா ஆச்சி?"

"நான்தான் ஓட்னேன். வுழுந்து வளைஞ்சிடுச்சி, நான்தான் நிமித்தனேன். பாய் வண்டியப் பாருங்க, வளைவு இருக்குது. நம்மள்து திருப்புனா இடிக்குது."

அவன் ஹேண்டிலைத் திருப்பினான். இடித்தது. சத்தார் வேறுபக்கம் பார்த்துத் தாடியைத் தடவிக்கொண்டார். கோவிந்தன் அவள் முழங்காலில் புடவை சிவந்திருந்ததைப் பார்த்தான்.

"எவ்ளோ தூரம் போன?"

"ஓட வரிக்கும்."

அவன் கை, பூட்டுச் சாவி செருகியிருந்த இடுப்புக்குப் போய், அங்கேயே நின்றது.