பூ கேட்டு அடித்த பச்சை

எங்கள் வீட்டு ஹாலுக்கு என்ன நிறம் அடிப்பது என்பதைக் கடைசியில் குலதெய்வம்தான் முடிவு செய்தது. சிரிக்காதீர்கள். எங்கள் பக்கம் சம்பந்தம் பேசுவது, போர்வெல் போடுவது, பட்டறை வைப்பது எல்லாமே பூ கேட்டுத்தான். ஒரு பொட்டணத்தில் வெள்ளைப்பூ, இன்னொன்றில் சிவப்புப்பூ மடித்துச் சாமி காலடியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது, மற்றப் பொட்டணத்தைப் பிரித்துப் பார்க்கும் வழக்கமும் கிடையாது.

பெரியநாயக்கன்பாளையத்தில் நாங்கள் புதிதாகக் கட்டிய வீடு இது. தரைக்கு டைல்ஸ் என் மாமியார் சாந்தாமணியின் தேர்வு. வாசல் இரும்புக் கேட்டை என் கணவர் மதன்குமாரின் பட்டறை ஆட்கள் செய்தார்கள், ஜெயில் கதவு தோற்றுப்போகும். சமையல் மேடையின் உயரத்தைக் கொத்தனார் முடிவு செய்தார். இன்றுவரை எக்கி நின்றுதான் தோசை சுடுகிறேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஹால் சுவருக்கு சேஜ் கிரீன்.

பச்சை என்றால் கிளிப்பச்சை இல்லை. கறிவேப்பிலையை நிழலில் காயவைத்தால் ஒரு சாம்பல் பூத்த பச்சை வருமே, அது. பெயிண்டர் ஜபருல்லா சுவரில் நான்கைந்து இடத்தில் பட்டை பட்டையாக அடித்துக் காட்டினார். காலை வெயிலில் ஒன்று, டியூப்லைட்டில் ஒன்று என்று மாறி மாறிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். மாமியார் வந்து மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏனம்மணி, ஊடு பூசணம் புடிச்சாப்பல இருக்குது. மாம்பழ மஞ்ச அடிச்சா எத்தன லட்சணமா இருக்கும்!"

நான் விடவில்லை. அவரும் விடவில்லை. இரண்டு பக்கமும் நல்ல பேர் வாங்க நினைக்கும் மதன்குமார்தான், "பூ கேட்டுப் போடலாமுங்கம்மா" என்றார். வெள்ளை வந்தால் பச்சை, சிவப்பு வந்தால் மஞ்சள்.

நான் உடனே ஒப்புக்கொண்டேன். பூவை நான் அவ்வளவு நம்பினேன். நம்பாமல் எப்படி? என் வாழ்க்கையையே ஒருமுறை அதற்கு விட்டுக்கொடுத்தவள் நான்.

நான் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். சில வருடங்களுக்கு முன்னால் புனேக் கிளையின் டிசைன் பிரிவுக்குத் தலைமை ஏற்கக் கூப்பிட்டார்கள். ஆண்கள் நான்கு பேரைத் தாண்டி எனக்கு வந்த வாய்ப்பு. மதன்குமார் முகம் சுளிக்கவே இல்லை. "எனக்குச் சம்மதந்தான் கீதா. ஆனாச் சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்" என்றார். இப்படி ஒரு புருஷனா என்று நான் பூரித்துப்போனேன். சத்தியமங்கலம் பக்கம் எங்கள் குலதெய்வம் கோயிலில் கேட்டோம். எங்கள் மகள் அக்ஷயா அப்போது சின்னப்பிள்ளை. அவள்தான் எடுத்தாள். சிவப்பு.

மனுஷர் யாராவது தடுத்திருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன். சாமியிடம் என்ன சண்டை போடுவது? வேண்டாம் என்று மெயில் அனுப்பிவிட்டுப் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்குப் பதிலாகப் போனவன் இன்று எனக்கே மேலதிகாரி. அவன் போனில் கத்தும்போதெல்லாம், இதுவும் சாமி சித்தம் என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

ஹாலுக்காக அதே கோயிலுக்குப் போனோம். பொட்டணத்தைப் போன தடவை போலவே மதன்குமார்தான் தனியாகப் போய் மடித்துக்கொண்டு வந்தார். அக்ஷயாவை எடுக்கச் சொன்னால், முடியவே முடியாது என்று என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஏழாவது படிக்கிற பெண், வெட்கப்படுகிறாள் என்று விட்டுவிட்டோம். வேறு யாரோ ஒருவரின் குழந்தை எடுத்தது. வெள்ளை!

மாமியார் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "சாமியே சொல்லிருச்சு, அப்பறம் நா ஆரு?" என்றார். மறுநாள் ஜபருல்லா வந்தபோது அவரே கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்து, "நல்லா அடிங்க தம்பி" என்று சொன்னார். அந்த மனசு எனக்கு வராது, ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு கோட்டிங் காய்ந்த பிறகு ஹாலே வேறாகிவிட்டது. வெள்ளை டியூப்லைட்டில் சுவர் செத்த மாதிரி தெரிந்ததால் மஞ்சள் பல்புகள் மாட்டினேன். சாயம் போடாத கோரா துணியில் திரை தைத்தேன். பிரம்பு நாற்காலிகளை ஜன்னல் ஓரம் போட்டு, கீழே பவானி ஜமக்காளத்தை விரித்தேன். மாமியாரின் பித்தளைக் குத்துவிளக்கை அந்தப் பச்சைக்கு முன்னால் வைத்ததும், இத்தனை நாள் அது எங்கே இருந்தது என்று அவரே கேட்டார். வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றியதும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவேன். கத்துகிற மேலதிகாரிகூட மறந்துபோவான்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமியார் ஹாலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். "கண்ணுக்கு எதமாத்தான் இருக்குது அம்மணி" என்றார். அதைக் கேட்டதும் மதன்குமாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காப்பி போட உள்ளே போன என் பின்னாலேயே வந்தார்.

"ஒண்ணு சொல்றேன், அம்மாகிட்டச் சொல்லீராத. ரெண்டு பொட்டணத்துலயும் வெள்ளைப்பூதான் வெச்சேன்."

"ஐயோ, நெசமாலுங்களா?"

"பின்னே? நீ இத்தன ஆசப்பட்டே. உனக்காகத்தான்."

சிரித்துவிட்டேன். சந்தோஷத்தில் அவர் தோளில் ஒரு அடியும் வைத்தேன். என் புருஷன் எனக்காகச் சாமியிடமே கள்ள ஆட்டம் ஆடியிருக்கிறார்! டம்ளர்களைத் தட்டில் வைத்து ஹாலுக்குக் கொண்டுவந்தேன். மாமியாருக்குக் கொடுத்தேன். மதன்குமாருக்கு நீட்டும்போதுதான் கை நின்றது.

"ஏனுங்க, புனேக்குப் பூ கேட்டப்பவும் நீங்கதானுங்களே மடிச்சீங்க?"

"அது எதுக்கு இப்போ?"

"அந்த ரெண்டுல என்ன பூ இருந்துச்சுங்க?"

டம்ளரை வாங்கி ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார்.

"சொல்லுங்க. ரெண்டும் சிவப்புங்களா?"

"புள்ள சின்னது கீதா. பட்டறை வேற அப்பத்தான் தலையெடுத்துச்சு. நா ஒண்டியா என்ன பண்ணுவேன்? போகாதன்னு சொன்னா நீ கேக்கவா போறே?"

கேட்டிருக்க மாட்டேன்தான். சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், கடைசியில் போயிருப்பேன் அல்லது இருந்திருப்பேன். ஆனால் எதுவானாலும் அது என் முடிவாக இருந்திருக்கும். வாயால் சம்மதம் சொல்லி நல்ல புருஷன் பட்டத்தையும் வாங்கிக்கொண்டு, முடியாது என்பதை மட்டும் சாமி வாயில் வைத்துவிட்டார். அத்தனை வருடமும் நான் விளக்கேற்றிக் கும்பிட்டது இவர் மடித்த காகிதத்தை. புனேயை எடுத்துக்கொண்டு ஒரு சுவரைக் கொடுத்திருக்கிறார். அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பார்களே, அந்த மாதிரி.

மாமியாரின் மடியிலிருந்து அவரைக்காய் முறம் சரிந்தது.

"சாமி காலடியிலயாடா மதனு? புனே வேண்டாம்னு சாமி சொல்லுச்சுன்னுதானேடா நானும் வாயை மூடிக்கிட்டேன்?"

"அம்மா, நீங்க சும்மா இருங்க. எல்லாம் குடும்பத்துக்காகத்தானே..."

அப்போதுதான் அக்ஷயாவைப் பார்த்தேன். படிக்கிற அறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"அப்பா, அப்போ நா எதை எடுத்திருந்தாலும் சிவப்புத்தான் வந்திருக்குமா?"

மதன்குமார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"என் கை ராசியில்லாத கைன்னு நெனச்சேன்ப்பா. அம்மா பாத்ரூம்ல அழுதப்போ நா கதவுக்கு வெளியேதான் நின்னுட்டிருந்தேன். இன்னொண்ணை எடுத்திருக்கலாம், இன்னொண்ணை எடுத்திருக்கலாம்னு..."

புனே கைநழுவிப் போனதற்கு ஒரு பெண் அழுதாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இரண்டு பேர் அழுதிருக்கிறோம்.

"ஏம்ப்பா என் கையால எடுக்க வெச்சீங்க?"

மதன்குமார் என்னைப் பார்த்தார். மகள் மடக்கும்போதெல்லாம் அப்படித்தான் பார்ப்பார். நான்தான் குறுக்கே புகுந்து எதையாவது சொல்லிச் சமாளிப்பேன்.

"உங்களைத்தானுங்க கேக்கறா" என்றேன். "சொல்லுங்க."