எட்டாவது ஆள்

நெல்ஸ் ஐந்தரைக்கு எழுந்தான். ஒரு கோப்பை காப்பி போட்டான். நின்றபடியே ரொட்டி தின்றான். கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டினான். விதைக் கிடங்குக்கு வேலைக்குப் போனான். மனைவி கரீன் இறந்த பிறகு மூன்று மாதமாக இதேதான்.

மாலை ஏழு மணிக்குப் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் கட்சிக் கூட்டம். அமெரிக்காவில் ஜனாதிபதி வேட்பாளர்களை முதலில் சலித்தெடுப்பது அவர்களுடைய அயோவா மாநிலம்தான். ஓட்டுப் பெட்டி கிடையாது, சீட்டு கிடையாது. ஊர் பார்க்க, பிடித்த வேட்பாளரின் மூலையில் போய் நிற்க வேண்டும். வந்தது ஐம்பது பேர். எட்டுப் பேர் சேராத மூலை செல்லாது. அரை மணிக்குள் ஆள் பிடித்துக்கொள்ளலாம்.

நெல்ஸ் நின்ற செனட்டர் மூலையில் மூன்றே பேர். மற்ற இருவரும் கேக் இருந்த மூலைக்கு ஓடிவிட்டார்கள். கரீன் ஆதரித்த ஆளுநருக்கு ஏழு. ஆஸ்பத்திரியில் படுக்கும்வரை அவள் வீடு வீடாகக் கதவு தட்டியது அவருக்காகத்தான். இன்னும் ஒரு ஆள் வராவிட்டால் அத்தனையும் வீண்.

கூடமே நெல்ஸ் மேல் பாய்ந்தது.

“இங்க வாடா! கேக் இருக்கு!” என்று வலது கையைப் பிடித்தார் பல் வைத்தியர்.

“அவர் கேக்கத் தின்னா அப்புறம் அவர்கிட்டயே பல்லக் காட்டணும்டா!” இடது கையை இழுத்தாள் வெர்னா. பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். ஆளுநர் மூலைக்கு அவள்தான் தலைவி.

“இன்னும் ரெண்டு நிமிஷம்!” கூட்டத்தை நடத்தியவர் விசில் ஊதினார்.

வெர்னா நாற்காலி மேல் தாவி ஏறினாள். “நெல்ஸ்! உயிர் போறப்ப கரீன் ஆளுநர் பேரத்தான்டா சொன்னா!”

 உடனே அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரி அறையில் கரீனோடு இருந்தவன் நெல்ஸ் ஒருவன்தான்.

அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று பல் வைத்தியர் கையை விட்டார். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, தள்ளாடித் தள்ளாடி ஆளுநர் மூலைக்குள் போய் விழுந்தான்.

“எட்டு!” ஏழு பேரும் குதித்தார்கள். யாரோ கேக்கையும் தட்டோடு கடத்தி வந்துவிட்டார்கள்.

“புளுகிட்டேன். மன்னிச்சிருடா,” என்றாள் வெர்னா. “நெசமா என்னதான் சொன்னா?”

நெல்ஸுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. “அவளச் சிரிக்க வைக்கலாம்னு மான் கொம்பு வச்ச தொப்பி ஒண்ணு போட்டுட்டுப் போனேன். ‘கழட்டாத, நெல்ஸ். டாக்டர் வர்ற வரைக்கும் அப்படியே இரு’ன்னா.”