நிறுத்தத் தெரிந்த பெட்டி

லண்டன் ஈஸ்ற்ஹாமில் கிறிஸ்துநாயகம் மாமாவின் கடையில் எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "இது போதும்." இடியப்பத் தட்டுக்கும் அதே பதில், மாதா படத்துக்கு முன்னால் மினுங்கும் லைற்றுக்கும் அதே பதில். இத்தனை வருடமாக அந்த ஒரு பதிலை வைத்தே கடையை ஓட்டிவிட்டார். இப்போது வெள்ளை நிறத்தில் நீளமான பிளக் பலகை ஒன்றை எடுத்து ஜெனோஜாவுக்கு முன்னால் போட்டார்.

"இது போதும், பிள்ளை. சேர்ஜ் புரொட்டெக்டர். கரண்ட் கூடிக் குறைஞ்சாலும் சாமான் எரியாது. இந்தப் பச்சை லைற் எரிஞ்சுகொண்டிருந்தால் காவல் இருக்கெண்டு அர்த்தம்."

"லைற் நிண்டால்?"

"உள்ளுக்குக் காவல் முடிஞ்சுது எண்டு அர்த்தம். புதுசு வாங்கவேணும்."

"அதுக்குப் பிறகும் கரண்ட் போகுமோ?"

"போகும், போகும்! அது நிக்காது." இதையும் ஒரு பெருமை போலவே சொன்னார் மாமா.

"காவல்காரன் செத்துப்போனான், கதவு திறந்தே கிடக்கு. உதையே அப்பாவின்ர மிஷினுக்குக் கொழுவச் சொல்லுறியள்?"

மாமா அவளை விட்டுவிட்டு அவளுடைய அண்ணன் கிளின்ரனைப் பார்த்தார். "உன்ர தங்கச்சி கம்பசிலை என்ன படிச்சவள்?"

"சோஷியோலொஜி."

"அதெண்டால்?"

"சனத்தைப் பற்றிப் படிக்கிறது, மாமா."

"அப்ப அவ சனத்தைப் பாக்கட்டும். கரண்டை நான் பாக்கிறன்."

கிளின்ரன் விழுந்து விழுந்து சிரித்தான். ஜெனோஜாவுக்கு முன்பென்றால் காது இரண்டும் சூடாகியிருக்கும். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்று அவளை நடுவில் நிறுத்திக் கூட்டம் கூட்டமாகப் படம் எடுத்ததும் இவர்கள்தான், வாயைத் திறந்தால் 'படிச்ச திமிர்' என்பதும் இவர்கள்தான். ஆனால் இந்தச் சில மாதங்களாகக் கோபம்கூட ஒழுங்காக வருவதில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பது போல இருந்தது. கிள்ளுவது தெரிகிறது, நோகவில்லை.

பிளக் பலகையைத் திருப்பி மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

விஷயம் இதுதான். ஆவணியில் ஊரில் மடுக் கோயில் மாதாவின் திருநாள். லண்டனில் இருக்கும் மன்னார்ச் சனம் ரெயின்ஹாம் பக்கம் ஒரு புல்வெளியை வாடகைக்கு எடுத்துக் கூடாரம் அடித்து, சமைத்து, பூசை கண்டு, பின்னேரம் மாதாவின் சுரூபத்தைச் சுற்றிக் கொண்டுவந்துவிட்டு வீடு திரும்பும். அப்பா அருட்பிரகாசத்துக்கு இந்த வருடம் அங்கே போயே ஆகவேண்டும். ஆனால் அவருடைய நுரையீரல் தழும்பேறிப்போய்க் கிடக்கிறது. பிளேஸ்டோ வீட்டில் கட்டிலோரம் ஓடும் ஒட்சிசன் மிஷினை விட்டு அதிக நேரம் அப்பால் போக ஏலாது. கிளின்ரன் போன வருடம் ஆசைப்பட்டு வாங்கிய பழைய கேம்பர் வான் வாசலில் நின்றது. அதில் கட்டில் இருந்தது, மிஷின் வைக்க இடமும் இருந்தது. புல்வெளியில் கரண்ட் இல்லை, ஜெனரேற்றர்தான். திருநாள் கமிற்றி சார்பில் அதைக் கொண்டுவந்து ஓட்டுவது கிறிஸ்துநாயகம் மாமா. ஜெனரேற்றரின் கரண்ட் ஏறி இறங்கினால் மிஷின் போய்விடும். மிஷின் போனால், கையில் இருக்கும் சின்ன ஒட்சிசன் சிலிண்டர் வீடு வந்து சேரும் வரைக்கும்தான் காணும்.

ஆகவே நல்ல புரொட்டெக்டர் ஒன்று வேண்டும் என்பதில் வீட்டில் ஒருவருக்கும் மறுப்பில்லை. அதை ஜெனோஜா தெரிவு செய்வதில்தான் மறுப்பு.

அதற்குக் காரணம் கரண்ட் இல்லை. பங்குனியில் ஆஸ்பத்திரியில் நடந்தது.

அன்று மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். "மகள் இருக்கிறா" என்றார் அப்பா. டொக்டர் நல்ல மனுசி. சொல்லவேண்டியதை மெத்தைக்குள் சுற்றிச் சுற்றிச் சொன்னார். ஜெனோஜாவுக்கு மெத்தை கட்டிச் சொல்லத் தெரியாது. "அப்பா, இது மாறாது. இனிக் கூடிக்கொண்டுதான் போகும். அடுத்த வருசத் திருநாளுக்கு நீங்கள் இருப்பியள் எண்டு டொக்டர் நினைக்கேல்லை." அப்பா "ஓம், சரி" என்று மட்டும் சொன்னார். அம்மா மரியநாயகிதான் எழும்பி நின்றாள். "நீ பிழையா விளங்கிப்போட்டாய். அந்த மனுசி சிரிச்சுக்கொண்டெல்லோ கதைச்சது. சாகப்போறவரைப் பாத்து ஆரும் சிரிப்பினமோ?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுவே விசுவாசப் பிரமாணம் ஆகிவிட்டது: ஜெனோஜா பிழையாக விளங்கிவிட்டாள். அவள் பருப்புக்கு உப்புக் கூட்டிப் போட்டாலும், பால் வாங்க மறந்தாலும் அம்மாவின் முகத்தில் சின்னதாக ஒரு நிம்மதி வரும். உப்பில் பிழை விடுகிறவள் டொக்டர் சொன்னதிலும் பிழை விட்டிருக்கலாமே. ஜெனோஜாவுக்கு இது தெரியும். ஒருமுறை வேண்டுமென்றே தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் கொடுத்தும் இருக்கிறாள்.

மிஷினில் விளையாட ஏலாது.

கவுன்சில் வேலை முடிந்து வந்து மிஷினோடு வந்த புத்தகத்தை வாசித்தாள். சாமானோடு வரும் புத்தகத்தை அந்தக் குடும்பத்தில் வாசிக்கிற ஒரே ஆள் அவள். கொம்பனிக்குப் போன் எடுத்து, எவ்வளவுக்கு மேலே ஏறினால் எரியும், எவ்வளவுக்குக் கீழே இறங்கினால் பழுதாகும் என்று கேட்டாள். பிறகு கேம்பர் வான்காரர் இன்ரநெற்றில் தங்களுக்குள் சண்டை பிடிக்கும் பக்கங்களை எல்லாம் படித்தாள். கடைசியில் தடித்த மஞ்சள் பெட்டி ஒன்றை எடுப்பித்தாள். ஜெனரேற்றருக்கும் வானுக்கும் நடுவில் அதைக் கொழுவ வேண்டும். வருகிற கரண்டின் அளவைச் சின்னத் திரையில் காட்டும். கூடினாலும் வெட்டும், குறைந்தாலும் வெட்டும். கரண்ட் சரியாகி மூன்று நிமிடம் பொறுத்துப் பார்த்துத்தான் திரும்ப விடும். உள்ளுக்குக் காவல் செத்தால் ஒரேயடியாக நின்றுவிடும்.

கிளின்ரன் பெட்டியைத் தூக்கிப் பார்த்தான். "காசு குடுத்து ஆரும் கரண்டை நிப்பாட்டுற சாமான் வாங்குவினமோ?"

"ஓம். நான் வாங்கினனான்."

திருநாளன்று காலையிலேயே கேம்பர் வானை மரநிழலில் விட்டு அப்பாவைக் கட்டிலில் சாய்த்து இருத்தினார்கள். கதவைத் திறந்தால் பீடம் நேரே தெரியும். அம்மா வானுக்குள் மாதா சுரூபத்தை வைத்து மெழுகுதிரி கொளுத்தப் போனாள். ஒட்சிசனுக்குப் பக்கத்தில் நெருப்பு கூடாது என்று ஜெனோஜா அதைப் பறித்து, பற்றறியில் எரியும் பொய் மெழுகுதிரி ஒன்றை வைத்தாள். "மாதாவுக்கே பொய்த் திரி" என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

வெளியே குடும்பத்துக்கு ஒரு கூடாரம், கூடாரத்துக்கு ஒரு ரைஸ் குக்கர். ஒரே அண்டாவில் சமைக்கலாமே என்றால் கேட்கமாட்டார்கள். ஊரில் மடுக் கோயிலுக்குப் போய்த் தங்கினாலும் அவரவர் உலை அவரவருக்கு. அத்தனை குக்கரும் மாமாவின் வெள்ளைப் பிளக் பலகைகளில் கொழுவியிருந்தன. பலகையில் பலகை, அதில் இன்னொரு பலகை. ஜெனரேற்றர் மேட்டில் ஏறும் பழைய பஸ் போல முக்கியது.

கரண்ட் இறங்கவும் பெட்டி 'டக்' என்று வெட்டியது. கரண்ட் நின்றதைச் சொல்ல மிஷின் வீரிட்டுக் கத்தியது. அம்மா நெஞ்சில் சிலுவை போட்டாள். ஜெனோஜா குழாயைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, கூடாரம் கூடாரமாகப் போய் இரண்டு குக்கரைக் கழற்றுவித்தாள். மூன்று நிமிடத்தில் கரண்ட் வந்தது. கொஞ்ச நேரத்தில் கழற்றியவர்கள் திரும்பக் கொழுவினார்கள். பெட்டி திரும்ப வெட்டியது.

இந்த முறை மாமாவே வந்துவிட்டார், கையில் பிளக் பலகையோடு. "என்ன எஞ்சினியர் அம்மா, உங்கட பெட்டிக்குத் தடிமன் காய்ச்சலோ? அங்கை எல்லாற்றை குக்கரும் ஓடுது. பாட்டுப் பெட்டி ஓடுது. உதுக்கு மட்டும் கரண்ட் பத்தேல்லையாம்."

"குக்கர் ஓடும், மாமா. மிஷினுக்கு இந்தக் கரண்ட் கூடாது. திரையிலை பாருங்கோ."

"திரையைப் பாக்கிறியோ, தகப்பனைப் பாக்கிறியோ?"

கிளின்ரன் பெட்டியில் கை வைத்தான். "கழட்டுவம், அம்மா. மிஷின் இப்பிடி நிண்டு நிண்டு ஓடினால் அப்பா பயத்திலையே போயிடுவார்."

"கழட்டு" என்றாள் அம்மா. "இவள் இதையும் பிழையாத்தான் விளங்கியிருக்கிறாள்." சொல்லும்போது குரலில் கோபமே இல்லை. கெஞ்சல் போல இருந்தது.

"கழட்டினால் மிஷின் எரியும்" என்றாள் ஜெனோஜா.

கட்டிலில் இருந்த அப்பா கையை உயர்த்தினார். அவருக்கு ஒரு வசனத்துக்கு மூன்று மூச்சு வேண்டும். "விடு, தம்பி... அது இருக்கட்டும்... அவள் சும்மா சொல்லமாட்டாள்."

கிளின்ரன் கையை எடுத்தான். அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பெட்டியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்பது வானுக்குள் நின்ற எல்லோருக்கும் விளங்கியது. மாமா பிளக் பலகையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஜெனோஜா திரும்பவும் கூடாரங்களுக்குப் போய்ச் சண்டை பிடித்து அந்த இரண்டு குக்கரையும் கழற்றுவித்தாள். இந்தமுறை அவற்றின் வயரையும் சுருட்டிக் கையோடு கொண்டுவந்தாள். மற்றதுகளை ஒவ்வொன்றாகக் கொழுவுங்கோ, ஒவ்வொன்றாகக் கழட்டுங்கோ என்று அவள் கத்தியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. மிஷின் ஒழுங்காக உறுமத் தொடங்கியது.

அப்போது பூசைக்கு மணி அடித்தது.

மணி அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு எழும்புவது அந்தச் சனத்தின் பழக்கம். பூசை நேரத்தில் உலை கொதிக்கக்கூடாது. கூடாரம் கூடாரமாகப் பெண்கள் குனிந்தார்கள். அத்தனை குக்கரின் பிளக்கும் ஒரே மூச்சில் கழன்றது. காலையிலிருந்து பாரம் இழுத்து முக்கிக்கொண்டிருந்த ஜெனரேற்றர், பாரம் அறுந்ததும் கட்டறுத்த மாடு போலப் பாய்ந்தது. ஒலிபெருக்கி ஒரு கீச்சிடலோடு செத்தது. கமிற்றிக் கூடாரத்திலிருந்து பிளாஸ்ரிக் எரிந்த மணம் வந்தது.

பெட்டி வெட்டிவிட்டது. மிஷின் கத்தியது.

"பார், பார்! நான் சொன்னனான்!" அம்மா கத்தினாள். "போச்சு! உன்ர பெட்டி எரிஞ்சுபோச்சு! நீ பிழை, நீ எல்லாத்திலையும் பிழை!" அந்தக் குரலில் பயம் இருந்தது. பயத்துக்குள் ஒரு சந்தோசமும் இருந்தது. ஜெனோஜா அதைக் கேட்டாள்.

குழாயைச் சிலிண்டருக்கு மாற்றினாள். "மூண்டு நிமிசம், அப்பா." பெட்டிக்குப் பக்கத்தில் புல்லில் குந்தியிருந்து திரையைப் பார்த்தாள். இலக்கம் வானத்துக்கு ஏறியிருந்தது, மெல்ல மெல்ல இறங்கியது. பெட்டி எரிந்துபோயிருந்தால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தாள். வானை எடுத்து அப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அதுவரைக்கும் சிலிண்டர் காணும். அம்மா ஒரு கிழமைக்கு அவளைத் திட்டுவாள். திட்டித் திட்டி வடிவாக நித்திரை கொள்வாள்.

'டக்.' கரண்ட் வந்தது. மிஷின் ஒரு தரம் இருமிவிட்டு உறுமத் தொடங்கியது. ஒன்றும் ஆகவில்லை.

ஒலிபெருக்கி இல்லாமலே சுவாமியார் பூசையைத் தொடங்கினார். தூரத்துப் பீடத்திலிருந்து வானுக்குள் ஒரு சொல்லும் கேட்கவில்லை. சனம் எழும்பும்போது அப்பா கட்டிலில் முதுகை நிமிர்த்தினார், சனம் முழந்தாளிடும்போது தலையைக் குனிந்தார். அம்மா வான் படியில் செபமாலையோடு இருந்தாள். மாலையின் ஒரு மணிகூட விரலில் நகரவில்லை.

பூசை முடிந்ததும் மாமா வந்தார். கையில் அதே வெள்ளைப் பிளக் பலகை. பச்சை லைற் அணைந்திருந்தது. "இதிலை கொழுவின பாட்டுப் பெட்டி கருகிப்போச்சு" என்றார். "ஆனால் இதிலை கரண்ட் இன்னும் வருது, பிள்ளை. காத்தாடி சுத்துது." அவர் பார்வை வானுக்குள் இருந்த மிஷினுக்குப் போய்த் திரும்பியது. "உந்தப் பெட்டியின்ர பேர் என்ன? கடையிலை போடலாமோ?" என்று கேட்டார்.

"லிங்க் அனுப்பிவிடு" என்றான் கிளின்ரன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அனுப்புறன்."

அவர்கள் போன பிறகும் அம்மா படியில்தான் இருந்தாள். அப்பாவுக்குக் கண் சொருகியிருந்தது. அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"பிள்ளை."

பங்குனிக்குப் பிறகு அம்மா அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அண்டைக்கு டொக்டர் சொன்னது... நீ வடிவாக் கேட்டனியோ?"

சொல்வதற்கு ஒரு பொய் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. இங்கிலீசு வேகமாகப் போனது, அறை சத்தமாக இருந்தது, என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். காலையில் சொல்லியிருந்தால் அம்மா நம்பியிருப்பாள். இனி நம்பமாட்டாள்.

"ஓம், அம்மா. வடிவாக் கேட்டனான்."

அம்மா தலையாட்டினாள். அழவில்லை. சேலைக் கரையில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்தாள். பிறகு எழும்பி, சோறு அரைவாசியில் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டு வானுக்குக் கிட்ட இருந்த கூடாரங்களின் பக்கம் நடந்தாள். குக்கருக்குப் பக்கத்தில் பிளக்கோடு குனிந்திருந்த பெண்களை ஒவ்வொருவராக மறித்தாள்.

"ஒரேயடியாக் கொழுவாதேங்கோ. ஒவ்வொருத்தராக் கொழுவுங்கோ. கழட்டேக்கையும் அப்பிடித்தான்."

"ஆர் சொன்னது, அக்கா?"

"மகள் சொன்னவள்" என்றாள் அம்மா. "அவள் சொன்னால் சரியாத்தான் இருக்கும்."

ஒலிபெருக்கி இல்லாத புல்வெளியில் அது கேம்பர் வான் வரைக்கும் தெளிவாகக் கேட்டது. ஜெனோஜா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.